மெதுவா ஏறுது பாருங்க, அதான் கெத்து!

ரிமோட் கார்னு சொன்னதும் உங்க மனசுல என்ன ஓடுது? பர்த்டேக்கு மாமா வாங்கிட்டு வந்த சிவப்பு கலர் கார், ஹால்ல ரெண்டு ரவுண்டு, சோஃபா கால்ல ஒரு மோதல், மூணாவது நாள் பரண். கரெக்டா? அதை மறந்துடுங்க பாஸ். இந்த வாரம் நாம பார்க்கப்போற வண்டி, ஃபுல் த்ராட்டில் கொடுத்தாக்கூட நீங்க விறுவிறுனு நடக்குற வேகத்தைத் தாண்டாது. ஆனா, முழங்கால் உயரக் கருங்கல்லை முன்னாடி வெச்சா, அதுபாட்டுக்கு மோப்பம் பிடிச்ச மாதிரி ஒவ்வொரு சக்கரமா தூக்கி வெச்சு ஏறி, உச்சியில ஒரு செகண்ட் நின்னு, அந்தப் பக்கம் இறங்கிடும். பேரு ராக் க்ராலர். 'பாறை ஊர்தி'னு நான் தமிழ்ல பேர் வெச்சேன். பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இருக்குனு எங்க கேங்கே சிரிக்குது. சிரிக்கட்டும்.

நிஜ ஜீப்பை பாறை மேல ஏத்தி விளையாடுறது அமெரிக்காவுல ரொம்ப காலமா இருக்கு. யூட்டா மாநிலத்து மோஆப் பக்கம் அதுக்குனே ஊர் கூடும். அதைச் சின்ன சைஸ்ல செய்யணும்னு கிளம்பின ரேடியோ கன்ட்ரோல் பைத்தியங்கள், 2000-களின் முதல் பாதியில கடையில அப்படி ஒரு வண்டி கிடைக்காம, டாமியா கம்பெனி 1987-ல விட்ட க்ளாட் பஸ்டர் மான்ஸ்டர் டிரக்கைப் பிரிச்சு, அதோட அச்சுகளை மட்டும் எடுத்து, சொந்தமா சேஸிஸ் வளைச்சுப் போட்டு ஓட்டினாங்க. கம்பெனிகள் முழிச்சுக்கிட்டது அப்புறம்தான். ஆக்ஸியல் வந்தது. 2017-ல ட்ராக்ஸஸ், டிஆர்எக்ஸ்-4னு ரிமோட்லயே டிஃபரன்ஷியலை லாக் பண்ற வண்டியை விட்டது. அதாவது, இந்த விளையாட்டோட பிறப்பே பிரிச்சு மேயுறதுதான். பெட்டியைத் திறந்து அப்படியே ஓட்டுறவங்களுக்கு இதுல பாதி சுகம்கூட கிடையாது.

சரி, இதையெல்லாம் கேம்பஸ் பக்கத்துல எதுக்கு எழுதுறேன்? நீங்க எந்த டிபார்ட்மென்ட்டோ எனக்குத் தெரியாது. நான் மெக்கானிக்கல். எங்க ஏரியாவுல மெக்கானிக்கல் படிக்கிற பையன் கடைசி வருஷம் எங்கே போய்ச் சேருவான்னு கேட்டா, விஜயநகர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்காரரே சொல்லுவார். தரமணி லிங்க் ரோட்டைப் பிடிச்சா ஓ.எம்.ஆர்., அங்க இருக்குற கண்ணாடிக் கட்டடத்துல ஏதோ ஒண்ணு. தப்பில்லை, சம்பளம் வருது, வீட்டுல லோன் இருக்கு. ஆனா, டிஃபரன்ஷியலைப் பத்தி பதினாறு மார்க் கேள்விக்குப் படத்தோட பதில் எழுதிட்டு, ஒரு டிஃபரன்ஷியலைக் கையில எடுத்துச் சுத்திக்கூடப் பார்க்காம டிகிரி வாங்கிட்டுப் போறது கொஞ்சம் உறுத்துமா இல்லையா? எங்க நாலு பேருக்கு உறுத்திச்சு. மூணு மெக்கானிக்கல், ஒரு இ.சி.இ. தோழி. வேளச்சேரியில ஒரு மொட்டைமாடி. வேலை ஆரம்பம்.

முதல்ல துட்டு. பெரிய பிராண்ட் க்ராலர் கடல் தாண்டி, டியூட்டி கட்டி நம்ம வீட்டு வாசலுக்கு வர்றதுக்குள்ள பல பத்தாயிரம் ஆயிடும். ஒரு செமஸ்டர் ஃபீஸை சக்கரம் கட்டி ஓட்டுற கணக்கு. இன்னொரு வழி, டபிள்யூ.பி.எல்., எம்.என். மாதிரி சீனத்துச் சின்ன டிரக்குகள். விலை கம்மி, பழக நல்லாயிருக்கும், ஆனா உள்ளே முக்காவாசி பிளாஸ்டிக் பல்சக்கரம். நாங்க எடுத்தது மூணாவது வழி. முன் அச்சு, பின் அச்சு, கியர்பாக்ஸ் மூணும் மட்டும் ஆன்லைன்ல சீனத்து மெட்டல் செட். மத்ததெல்லாம் மெட்ராஸ்.

மெட்ராஸ்னா எங்கே? வேளச்சேரியில பறக்கும் ரயில் ஏறுங்க, சிந்தாதிரிப்பேட்டையில இறங்குங்க, நடக்குற தூரத்துல ரிச்சி ஸ்ட்ரீட். மோட்டார், ஒயர், கனெக்டர், ஹீட் ஷ்ரிங்க் ட்யூப், ஸ்விட்ச், வோல்டேஜ் கன்வெர்ட்டர் எல்லாம் அங்கே. ஒரு டிப்ஸ்: 'ராக் க்ராலர்'னு கேட்காதீங்க, கடைக்காரர் உங்களை மேலயும் கீழயும் பார்ப்பார். '540 மோட்டார், 35 டர்ன்'னு கேளுங்க. இருக்குனா எடுத்து வைப்பார், இல்லைனா எந்தக் கடையில இருக்கும்னு சொல்லுவார். அலுமினிய ஃப்ளாட் பட்டை ஹார்டுவேர் கடையில வெட்டியே தருவாங்க. நாலு பேருக்கும் சேர்த்து மொத்த பில் பதினோராயிரத்துச் சொச்சம். அதுல இ.சி.இ. தோழியோட பழைய ஃப்ளைஸ்கை ரிமோட்டை நாங்க கணக்குலயே சேர்க்கலை, அவ சேர்க்கச் சொல்லிக்கிட்டே இருக்கா.

இப்ப கொஞ்சம் கணக்கு. ஓடாதீங்க, ரெண்டே வரிதான். மோட்டார் காயில்ல கம்பி எத்தனை சுத்துங்கிறதுதான் 'டர்ன்'. சுத்து கூடினா வேகம் குறையும், அதே கரன்ட்டுக்கு முறுக்கு கூடும். ரேஸ் கார்காரன் சுத்தைக் குறைப்பான், நாம கூட்டுவோம். மோட்டார் நிமிஷத்துக்கு 12,000 சுத்துனு வெச்சுக்கங்க. மோட்டார்ல இருந்து சக்கரம் வரைக்கும் மொத்த கியர் குறைப்பு 40-க்கு 1. அப்போ சக்கரம் நிமிஷத்துக்கு 300 சுத்து. டயர் விட்டம் 108 மி.மீ., ஒரு சுத்துக்கு 34 சென்டிமீட்டர். பெருக்கிப் பாருங்க, மணிக்கு 6 கிலோமீட்டர். அவ்வளவுதான் உச்ச வேகம்! வேகத்தை 40-ல ஒண்ணா சுருக்கினதுக்குப் பதிலா, உராய்வுக்குப் போனது போக, முறுக்கு கிட்டத்தட்ட அத்தனை மடங்கு கூடி சக்கரத்துக்கு வந்து சேருது.

டிஃபரன்ஷியலுக்கு வருவோம், அதானே நம்ம உறுத்தல். மழைக்காலத்துல நம்ம ஏரியாவுல மணல் லாரி சேத்துல மாட்டி நிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. பின்னாடி ஒரு பக்கச் சக்கரம் பம்பரமா சுத்தும், அடுத்த பக்கம் சும்மா நிக்கும். டிரைவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க, சுத்துறதுதான் சுத்தும். ஏன்? சாதா டிஃபரன்ஷியல் ரெண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்கைத்தான் கொடுக்கும். சேத்துல இருக்குற சக்கரத்தைச் சுத்த துளி முறுக்கு போதும். அதனால கெட்டித்தரையில நிக்கிற சக்கரத்துக்கும் அதே துளிதான். புத்தகத்துல இது 'குறைபாடு'னு ஒரே வரி. பாறையில ஏறுறப்போ ஏதாவது ஒரு சக்கரம் எப்பவும் அந்தரத்துலதான் இருக்கும், அதனால இந்த ஒரு வரிதான் க்ராலருக்குத் தலையெழுத்து.

வைத்தியம் என்ன தெரியுமா? டிஃபரன்ஷியலைக் கொன்னுடறது! உள்ளே இருக்குற சின்னப் பல்சக்கரங்களை மண்ணெண்ணெய்ல கழுவி, துளி கிரீஸ்கூட இல்லாம காயவெச்சு, வீட்டுல தண்ணி பைப்பு ஒழுகினா அடைக்கிறோமே எம்-சீல், அதைப் பிசைஞ்சு உள்ளே திணிச்சு ஒரு நாள் விட்டுட்டா, இடது வலது ரெண்டும் ஒரே இரும்புத் தடி. ஒரு சக்கரம் அந்தரத்துல இருந்தாலும் இன்னொண்ணு இழுக்கும். இலவசம் எதுவும் கிடையாது. திருப்பத்துல வெளிச்சக்கரம் அதிக தூரம் போகணுமே, இப்ப முடியாது, டயர் தேயும், வண்டி அகலமா வளையும், அச்சுத் தண்டுக்கு அடி அதிகம். பாறைக்காக அதையெல்லாம் வாங்கிக்கலாம். ரோட்டுல ஓடுற காருக்கு இதைச் செஞ்சீங்கனா அப்பா உங்களை வீட்டுக்குள்ள விடமாட்டார்.

அடுத்தது தான் என் ஃபேவரைட். எடை. வண்டி ஏறுமா, கவிழுமாங்கிறதை மோட்டார் முடிவு பண்ணாதுங்க. எடை எங்கே உட்கார்ந்திருக்குங்கிறதுதான் முடிவு பண்ணும். நாங்க முதல்ல கோத்து முடிச்ச வண்டி 2.6 கிலோ. முன் சக்கரத்தை மட்டும் டிஜிட்டல் தராசுல வெச்சா 1.25, பின் சக்கரம் 1.35. அடுத்து, ஒரு பலகையில வண்டியைக் குறுக்கா நிறுத்தி, ஷாக் அசையாம கட்டிட்டு, பலகையை மெதுவா தூக்கினோம். மேல் பக்கச் சக்கரம் கிளம்புற இடத்துல செல்போன்ல கோணம் பார்த்தா 45 டிகிரி. சக்கரத்துக்குச் சக்கரம் அகலம் 190 மி.மீ., அதுல பாதி 95. டான் 45 ஒண்ணு. அப்போ புவியீர்ப்பு மையம் தரையில இருந்து 95 மி.மீ. உயரத்துல இருக்கு. பார்த்தீங்களா, லேப் வேண்டாம், பலகை போதும்!

இந்த 95-ஐ எப்படிக் குறைக்கிறது? சேஸிஸ் பின்னாடி உசரமா உட்கார்ந்திருந்த பேட்டரியைக் கழட்டி முன் அச்சுக்கு மேலேயே தாழ்வா வெச்சோம். ஷாக் அப்சார்பர் மாட்டுற இடத்தை மாத்தி உடம்பைப் பத்து மி.மீ. இறக்கினோம். மூணாவதுதான் சூப்பர் மேட்டர். வேளச்சேரி மெயின் ரோட்டுல ஒரு வீல் அலைன்மென்ட் கடைக்குப் போய், கார் ரிம்முல ஒட்டுவாங்களே பேலன்ஸிங் எடை, பட்டையா பின்னாடி ஸ்டிக்கரோட இருக்கும், அதுல இருநூறு கிராம் கேட்டோம். 'எந்தக் காருக்கு தம்பி?'னார். காட்டினோம். காசு வாங்காம கொடுத்துட்டு, ரெண்டு நிமிஷம் ரிமோட்டைக் கேட்டு வாங்கிக்கிட்டார். முன்சக்கரம் ரெண்டுலயும் உள்பக்கம் நூறு நூறு கிராம் சுத்தி ஒட்டினோம்.

மறுபடியும் தராசு. மொத்தம் 2.8 கிலோ. முன்னாடி 1.65, பின்னாடி 1.15. மையம் 80 மி.மீ.க்கு இறங்கியிருந்தது. பக்கவாட்டுல கவிழுற கோணம் 45-ல இருந்து 50. செங்குத்தா ஏறும்போது மல்லாக்க விழுற கோணம், கணக்குப்படி 58-ல இருந்து 67. சக்கரத்துல கூடின எடை ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்குறதால ரேஸ் கார்காரன் தலையில அடிச்சுக்குவான். நமக்கு வேகமே இல்லையே, கவலை எதுக்கு?

இதுல ஒரு சின்ன சுவாரஸ்யம். வெறும் சரிவுல 45 டிகிரி நிக்கவே உராய்வு எண் 1 வேணும், 58-க்கு 1.6 வேணும். அதுக்குள்ள டயர் வழுக்கிடும், கவிழுற கேள்வியே வராது. அப்புறம் எதுக்கு இவ்வளவு மெனக்கெடல்? பாறை வழவழப்பான சரிவு இல்லையே. முன்சக்கரம் ஒரு விளிம்பைப் பல் மாதிரி கவ்விக்கும்போது வழுக்காது. வழுக்காத இடத்துலதான் வண்டி மல்லாக்க விழும். நல்லா பிடிக்கிற டயர் போட்டா கவிழுற ஆபத்தும் கூடும்ங்கிறது எனக்கு இந்த வண்டி சொல்லிக்கொடுத்த பாடம். டயருக்குள்ள காத்து கிடையாது, தெரியுமில்ல? மெத்து மெத்துனு ஃபோம். உள்ளே மாட்டின காத்து வெளியேற ஓட்டை போட்டிருப்பாங்க, அப்பதான் டயர் கல்லோட உருவத்துக்கு நசுங்கும். ரிம்முல ஒட்டறதுக்கு ஃபெவிக்விக்.

அச்சையும் சேஸிஸையும் சேர்க்கிற நாலு கைகளுக்கு லிங்க்னு பேரு. கல்லு மேல வண்டி வயித்தைத் தேய்ச்சுக்கிட்டுப் போறப்போ கீழ் லிங்க்தான் முதல் அடியை வாங்கும். முதல்ல 3டி பிரின்ட் எடுத்துப் பார்க்கலாம்னு ஒரு யோசனை வந்தது. அந்த பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி சூட்டுலயே இளக ஆரம்பிக்கும். மே மாச மொட்டைமாடியில, கறுப்பு கலர்ல? வேண்டாம். 8 மி.மீ. அலுமினியத் தடி, ரெண்டு முனையிலயும் எம்4 மரை. இதுக்கு ஒரு லேத் வேணும்.

கிண்டி தொழிற்பேட்டை 1958-ல ஆரம்பிச்சது. இன்னிக்கும் அங்கே ஷட்டருக்குப் பின்னாடி ஒத்த லேத்தை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்குற மனுஷங்க இருக்காங்க. எங்க அண்ணனுக்கு வயசு ஐம்பத்தஞ்சு இருக்கும். அண்ணன்னு கூப்பிட்டா சந்தோஷப்படறார், நாங்களும் அப்படியே கூப்பிடறோம். எம்4 மரைக்கு எத்தனை மி.மீ. ஓட்டைனு எங்க மூணு பேருக்கும் மனப்பாடம்: 3.3. 'அது சரி, டேப்பை எப்படிச் சுத்துவே?'னார். அந்தக் கேள்வி எந்த வினாத்தாளிலும் வந்ததில்லை. அலுமினியத்துல மரை போடும்போது ஓட்டையில ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய். அரைச் சுத்து முன்னால, கால் சுத்து பின்னால. பின்னால திருப்பும்போது சீவல் 'டிக்'னு உடையும், அதை விரல்ல உணரணும். உணராம முன்னாலயே தள்ளினா டேப் உள்ளே முறிஞ்சு உட்கார்ந்துக்கும், அப்புறம் தடியையே தூக்கிப் போடணும். எட்டு மரையில முதல் ரெண்டை அவர் போட்டார், மீதி ஆறை எங்களைப் போட வெச்சார். ஆறாவது மரையில அந்த 'டிக்' எனக்குக் கேட்கலை, கைக்குத் தெரிஞ்சது. சொன்னா நம்பமாட்டீங்க, செமஸ்டர்ல அரியர் இல்லாம பாஸான அன்னிக்குக்கூட இவ்வளவு குஷி இல்லை.

அவர் பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான். லேத் பக்கம் வர்றதில்லையாம். 'வரவும் வேணாம்னுதான் சொன்னேன், இந்தக் கையைப் பாரு'னு காட்டினார். ரெண்டு விரல் நுனி பழைய அடியில தட்டையா இருந்தது. அதே கையோட எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். நான் என்ன பதில் சொல்றது? டீ வாங்கிட்டு வந்தோம்.

கரன்ட் டிபார்ட்மென்ட் முழுக்க இ.சி.இ. தோழி. முன்சக்கரத்தைத் திருப்புற சர்வோ மோட்டார்தான் க்ராலர்ல பெரிய தலைவலி. ரெண்டு கல்லுக்கு நடுவுல மாட்டின சக்கரத்தைத் திருப்பணுமே. ரோபோ ஆர்ம் பண்றவங்க வாங்குற எம்.ஜி.996ஆர் பத்து கிலோ-சென்டிமீட்டர் ரேஞ்சுதான், இதுக்கு இருபதாவது வேணும். ஒரு ஆன்லைன் கடையில 25னு ஸ்டிக்கர் ஒட்டி ஒண்ணு வந்தது. இவ நம்பலை. இரண்டரை சென்டிமீட்டர் நீளக் கையை மாட்டி, அதுல நூல் கட்டி, ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலா தொங்கவிட்டா. பத்து பாட்டில் தூக்கணும். நாலாவது பாட்டில்ல மூச்சு நின்னுபோச்சு. திருப்பி அனுப்பிட்டு, வேற வாங்கி, அதே பாட்டில் பரீட்சை வெச்சு எட்டு தூக்கினதும்தான் பாஸ் மார்க் போட்டா. நீங்களும் ஸ்டிக்கரை நம்பாதீங்க, பாட்டிலை நம்புங்க.

அவ்வளவு பெரிய சர்வோ முக்கும்போது கரன்ட்டை ஒரேயடியா உறிஞ்சும். அது ரிசீவரோட ஒரே லைன்ல இருந்தா வோல்டேஜ் சரிஞ்சு, ரிசீவர் மயக்கம் போட்டு, பாறை உச்சியில வண்டி செத்த மாதிரி நிக்கும். அதனால சர்வோவுக்குத் தனி கன்வெர்ட்டர், 6 வோல்ட்டுல. ஸ்பீடு கன்ட்ரோலர் வாங்கும்போது 'ட்ராக் பிரேக்' இருக்கானு பாருங்க. விரலை எடுத்ததும் சரிவுல அப்படியே பிடிச்சு நிக்கிறது அதனாலதான்.

விளையாட்டை நிறுத்திட்டு ஒரே ஒரு பாரா சீரியஸ். லித்தியம் பாலிமர் பேட்டரி. ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல ஏத்தக்கூடாது, 3-க்குக் கீழே இறக்கக்கூடாது, எடுத்து வைக்கும்போது 3.8. ஊதிப்போனதை இன்னொரு தடவை சார்ஜ் போட்டுப் பார்க்கலாம்ங்கிற எண்ணமே வேண்டாம். ஆணி குத்தினாலோ, நசுங்கினாலோ பத்திக்கும், பத்தினா சட்டுனு அணைக்க முடியாது. ஹாஸ்டல் கட்டில் மேல, ராத்திரி தூங்கும்போது சார்ஜ் போடறவங்க இதைப் படிச்சா தயவுசெஞ்சு நிறுத்துங்க, பக்கத்துக் கட்டில்ல ஒருத்தன் தூங்குறான். நாங்க மண்சட்டியில மணல் போட்டு, அதுக்குள்ள வெச்சு, மொட்டைமாடியில, ஆள் கூடவே இருந்து சார்ஜ் போடறோம். பேலன்ஸ் சார்ஜர் இல்லாம கிடையவே கிடையாது.

வண்டி ரெடி. பாறைக்கு எங்கே போறது? வேளச்சேரியில பாறையா? இது ஏரியும் சதுப்பும் இருந்த ஊருங்க. வேளச்சேரி ஏரி ஒரு காலத்துல 265 ஏக்கர், இப்ப மிச்சம் கிட்டத்தட்ட 55. மிச்ச ஏக்கர்லதான் நம்மள்ல பல பேர் வாடகை கொடுத்துக் குடியிருக்கோம், 2015 டிசம்பர்லயும் 2023 மிக்ஜாம்லயும் ஏரி வந்து அட்ரஸ் விசாரிச்சுட்டுப் போச்சு. (மழைத்தண்ணியில வண்டி ஓட்டலாமானு சில பேர் கேட்கறாங்க. ரிசீவரை டிபன் டப்பாவுல சிலிக்கான் போட்டு அடைச்சா வண்டி ஓடும். ஆனா தெருத் தண்ணியில சாக்கடை இருக்கும், கரன்ட் கம்பி இருக்கும். வண்டிக்கு ஓகே, உங்களுக்கு ஓகே இல்லை.)

பாறை வேணும்னா பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் பார்வையைத் திருப்பணும். அந்தப் பாறைக்கு உலகப் புத்தகங்கள்ல ஒரு பேர் இருக்கு: சார்னோகைட். கல்கத்தாவுல ஜாப் சார்னாக்னு ஒரு வெள்ளைக்காரர் கல்லறை, அதுல இருக்குற கல்லு நம்ம பல்லாவரம் பக்கத்துக் கல்லு வகை. தாமஸ் ஹாலண்ட்ங்கிற புவியியல்காரர் 1893-ல அவர் பேரையே கல்லுக்கு வெச்சுட்டார். நம்ம ஊர்க் கல்லுக்கு கல்கத்தா கல்லறையில இருக்குறவர் பேர்! அதே பல்லாவரத்துல 1863-ல ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியை எடுத்தார், இந்தியாவோட பழைய கற்காலத்தைப் பத்தின ஆராய்ச்சியே அதுல இருந்துதான் கிளம்பிச்சு. கல்லைத் தட்டித் தட்டி டூல் செஞ்ச அந்த முகம் தெரியாத ஆளு எங்க டிபார்ட்மென்ட்டுக்கு சூப்பர் சீனியர். பரங்கிமலைப் பாறை தேசிய புவியியல் சின்னம், அங்கே போய் வண்டியை ஏத்தி வம்பு வாங்காதீங்க. மாமல்லபுரம் பாறைகளும் அப்படித்தான்.

எங்க ட்ராக், ஒரு பழைய அப்பார்ட்மென்ட்டை இடிச்ச காலி மனை. கருங்கல், உடைஞ்ச கான்கிரீட், பாதி படிக்கட்டு. வாட்ச்மேன் தாத்தாகிட்ட பர்மிஷன், ஞாயிறு காலை ஆறரையில இருந்து எட்டரை. அப்புறம் வெயில், வண்டியைவிட நாம முதல்ல சூடாயிடுவோம். விதி சிம்பிள். ரெண்டு டீ கப்பைக் கவுத்து வெச்சா ஒரு கேட். பத்து கேட். கப்பைத் தொட்டா பத்து பாயின்ட், கையால வண்டியைத் தூக்கினா பத்து, ரிவர்ஸ் எடுத்தா ஒண்ணு. புள்ளி குறைஞ்சவர்தான் வின்னர். வேகத்துக்கு ஒரு புள்ளிகூட கிடையாது. இதுவரைக்கும் அதிக தடவை ஜெயிச்சது யார் தெரியுமா? வாட்ச்மேன் தாத்தாவோட பேத்தி, ஏழாம் வகுப்பு. நாங்க கல்லைப் பார்த்ததும் த்ராட்டிலை அழுத்துறோம். அவ குனிஞ்சு, நாலு சக்கரமும் எங்கே நிக்குதுனு பார்த்துட்டு, அப்புறம் அழுத்துறா.

இப்படி நிதானமா போனதுல உலக சாம்பியன் நம்ம பிரக்யான்தான். 2023 ஆகஸ்ட் 23-ல சந்திரயான்-3 இறங்கிச்சே, அதுக்குள்ள இருந்த 26 கிலோ ரோவர். வேகம் விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர். ஒரு கிலோமீட்டர் போக நிக்காம ஓடினாக்கூட 27 மணி நேரத்துக்கு மேல ஆகும். ஆறு சக்கரம், ராக்கர்-போகினு ஒரு அமைப்பு, ஸ்பிரிங்கே கிடையாது. ஒரு சக்கரம் கல்லு மேல ஏறினாலும் மத்த அஞ்சும் தரையை விடாது. ஆகஸ்ட் 27-ம் தேதி மூணு மீட்டர் முன்னாடி நாலு மீட்டர் அகலத்துக்கு ஒரு பள்ளம். என்ன பண்ணிச்சு? நின்னுது, வந்த வழியே திரும்பி வேற பாதை எடுத்தது. மொத்தம் நூறு மீட்டர்தான் போச்சு, அதுக்கே தேசமே கைதட்டுச்சு. அந்தத் திட்டத்தோட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்துக்காரர். நிலாத் தரை மாதிரி மண் வேணும்னு இஸ்ரோ தேடினப்போ, நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பக்கத்து அனார்தசைட் பாறையைப் பொடிச்சுத்தான் சோதனைத் தரை போட்டாங்க. நாங்க ட்ராக்குக்கு வாட்ச்மேன் தாத்தாவைப் பிடிச்ச மாதிரி, அவங்க சித்தம்பூண்டியைப் பிடிச்சிருக்காங்க.

எங்க மூணு மெக்கானிக்கல்ல ஒருத்தனுக்கு போன மாசம் ரெண்டு இன்டர்வியூ. ஐ.டி. கம்பெனியில வண்டியைப் பத்தி யாரும் கேட்கலை, வேலை கிடைச்சாச்சு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில, ரெஸ்யூமேல 'க்ராலர்'ங்கிற வார்த்தையைப் பார்த்துட்டு ஒரு பெரியவர் நாற்பது நிமிஷம் அதையே கேட்டாராம். 'டேப் உடைஞ்சுதா?'னும் கேட்டாராம். வேலை தர்றாங்க, சம்பளம் ஐ.டி.யைவிட மாசம் ஒன்பதாயிரம் கம்மி. அவனுக்கு வீட்டுல தங்கச்சி காலேஜ் சேரணும். ரெண்டு ஆர்டரையும் மேஜையில வெச்சுக்கிட்டு இன்னும் எதுக்கும் பதில் போடலை. கடைசித் தேதி இந்த வெள்ளிக்கிழமை. நாங்க யாரும் அட்வைஸ் பண்றதில்லைனு முடிவு பண்ணியிருக்கோம். கிண்டி அண்ணன்கிட்ட கேட்டானாம், அவர் 'உங்கம்மாகிட்ட கேளு'னுட்டார்.

இதைப் படிச்சதும் உங்களுக்கும் கை அரிக்குதா? பதினோராயிரம் வேண்டாம். பரண்ல இருக்குற அந்த சிவப்பு காரை இறக்குங்க. பின் அச்சைப் பிரிங்க. டிஃபரன்ஷியல் இருந்தா ஒரு சக்கரத்தைக் கையால பிடிச்சுக்கிட்டு மோட்டாரை ஓட்டிப் பாருங்க, லாரி கதை கண்முன்னால தெரியும். அப்புறம் கிரீஸைக் கழுவிட்டு, எம்-சீல் ஒரு சின்ன பாக்கெட். காயறதுக்கு ஒரு நாள் கொடுங்க, அவசரப்படாதீங்க. ஏத்திப் பார்க்க கல்லு வேணும்னா ஞாயித்துக்கிழமை காலையில நாங்க அங்கேதான் இருப்போம். கப் நீங்க கொண்டு வாங்க, எங்களோடது எல்லாம் நசுங்கிப்போச்சு.